சிலிண்டரை நகர்த்திவிட்டு அடித்த கற்பூரம்

அந்த ஆம்புலன்சில் போனது எனக்குப் பிடித்திருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கா மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள், நான் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அடடா என்ன குளிர்ச்சி, என்ன வேகம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் பஸ், மாட்டு வண்டி, கல்யாணக் கார் எல்லாம் எங்களுக்காக ஒதுங்கி நின்றன. அதற்கு முன்னால் எனக்காக யாரும் ஒதுங்கி நின்றதில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க முடியவில்லை. அதற்கப்புறம் நடந்ததில் ஒன்றைத்தான் ஊரில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழில்தான் எழுதுவாளாம். எழுதிக்கொள், ஆனால் அக்கா பேசினதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் நடுவே ஒரு சுவர் வைத்து இரண்டு அடுப்பாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தோம். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில். மாங்காய்க் காலம் வந்தால் இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவோம். நான் அறுப்பேன், அவள் விற்பாள். வாய் அவளுக்குத்தான். "கம் மேடம், மேங்கோ, சால்ட், சில்லி, பெஸ்ட்" என்று ஆறே வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லா தேசத்துக்காரர்களோடும் பேசுவாள். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரி மிளகாய்த்தூள் காரம் தாங்காமல் கண்ணீர் விட்டாள். அக்கா தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்து, "அழாதம்மா, நீ இன்னா என்னாட்டம் மாமியார் வூட்லயா கீற?" என்றாள். அந்த அம்மாளுக்கு ஒரு எழுத்து புரியாது. இருந்தாலும் அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். எங்கள் ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே உயிர் போனால் அந்த உடம்பைத் தெருவுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஊர் எல்லையில் ரோட்டோரமாகப் பந்தல் போட்டு, அங்கேயே குளிப்பாட்டி, அங்கேயே அழுது, அப்படியே சுடுகாட்டுக்குத் தூக்கிவிடுவார்கள். யார் வைத்த வழக்கமோ, யாரும் மீறினதில்லை.

அக்கா வீட்டுக்காரர் தொண்ணூறுகளில் வயிற்று வலி என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கேயே போய்விட்டார். ஐப்பசி மாதம். ரோட்டோரம் போட்ட பந்தல் மழையில் விழுந்துவிட்டது. நாலு பேர் ஒரு லாரிப் படுதாவை நான்கு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படுதாவின் கிழிசல் வழியாகச் சரியாக அவர் முகத்தில் தண்ணீர் சொட்டியது. அக்கா துடைப்பாள், சொட்டும், மறுபடி துடைப்பாள். வீடு அங்கிருந்து பார்த்தால் தெரியும். அவர் கையால் ஓடு மாற்றின வீடு. அன்று அவள் அழவே இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தாள். காரியம் முடிந்த அன்றைக்கு என்னிடம் சொன்னாள்: "தோ பார்டி, எனக்கு இன்னா வந்தாலும் என்ன வெளிய இஸ்துகினு போவக் கூடாது. என் வூட்ல, என் எடத்துல வுட்டுடு."

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. தூக்கத்திலேயே, கூடத்திலேயே போனார். அதற்கும் அக்கா, "உம் புருஷன் உசாருடி" என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். இலவச ஆம்புலன்ஸ் புதிதாக வந்திருந்த காலம். ஒரு வியாழக்கிழமை காலை, கடற்கரைக்குக் கிளம்ப மாங்காயைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று சுவரில் சாய்ந்துகொண்டாள். ரவிக்கை முதுகெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது.

"இன்னாக்கா?"

"ஒண்ணும் இல்ல, வாயு. நெஞ்சு மேல உரல தூக்கி வெச்ச மாரி கீது. சீரகத் தண்ணி போட்டுக் குடு."

குடித்தாள், வாந்தி எடுத்தாள். இடது கை மரத்துப்போகிறது என்றாள். நான் ஓடிப்போய்ப் பெட்டிக்கடைக்காரரிடம் சொல்ல, அவர் போன் போட்டார். அரை மணிக்குள் வெள்ளை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. டிரைவரும், வைத்தியம் பார்க்கிற பெண் ஒருத்தியும். இருபத்தைந்து வயது இருக்கும், தெற்கத்திப் பக்கத்துப் பெண். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சிலிண்டர். தெருவே கூடிவிட்டது.

அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தாள். நாடி பார்த்தாள், கையில் பட்டை கட்டிக் காற்று அடித்துப் பார்த்தாள், மூக்குக்குழாய் வைத்தாள். "பாட்டி, இது வாயு இல்ல. ஹார்ட்டு. உடனே போகணும், எந்திரிங்க."

"நா வர்ல."

"வலிக்குதுல்ல?"

"வலிக்குது. வர்ல."

டிரைவர் பொறுமை இல்லாதவர். "அம்மா, ஸ்ட்ரெச்சர்ல தூக்கி வெச்சிடுறோம், நீ பாட்டுக்குப் படுத்துக்கோ" என்றார். அக்கா பக்கத்தில் கிடந்த மாங்காய்க் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தூக்கிப் பாரு நைனா" என்றாள். அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

அந்தப் பெண் அவரைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, "சரி, தூக்க மாட்டோம். ஒண்ணு ரெண்டு கேக்கணும், பதில் சொல்லுங்க. இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

"வியாயக்கெழம. ஏன், ஒனக்கு லீவு வுடலியா?"

"இது எந்த ஊரு?"

"ஊர் பேரு தெரியாமயே வண்டிய ஓட்டிகினு வந்துட்டியா?"

தெருவே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே சிரித்தேன். ஆனால் அவள் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னது வேறு. "புத்தி தெளிவா இருக்கு பாட்டி. தெளிவா இருக்கிறவங்க வேணாம்னா நாங்க வலுக்கட்டாயமா தூக்கக் கூடாது. மயங்கி விழுந்தா தூக்கலாம். ஆனா அதுவரைக்கும் காத்திருந்தா உயிரு தங்காது."

அக்காவின் வாய் அவளைக் காப்பாற்றும் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் ஒரு காகிதத்தை எடுத்தாள். சிகிச்சை வேண்டாம் என்று சொல்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதமாம். அதைப் படித்துக் காட்டினாள். உயிருக்கு ஆபத்து என்று சொல்லியும் நானே வேண்டாம் என்றேன் என்று அதில் இருந்தது. "குடு, போடறேன்" என்று அக்கா கையை நீட்டினாள். அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். சாயந்தர வகுப்பு வந்தபோது அவள் போய்க் கற்றுக்கொண்டாள், நான் போகவில்லை. நான் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

"எதுக்கு வரமாட்டேங்கறாங்க? பயமா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். நான் மழையைச் சொன்னேன். படுதாவைச் சொன்னேன். எல்லையைக் கை நீட்டிக் காட்டினேன். அவள் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தாள். பிறகு அக்காவிடம் வந்து, "பாட்டி, உங்களுக்கு என்ன வேணும்? என்ன செஞ்சா வருவீங்க?" என்று கேட்டாள்.

அக்காவிடம் என்ன வேணும் என்று யாரும் கேட்டதில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் ரோட்ல கெடக்கக் கூடாது. அவ்ளோதான்."

அப்போதுதான் நான் முந்திக்கொண்டேன். "அக்கா, நான் வாக்கு குடுக்கறேன். உன் உசுரு இருக்கசொல்லயே உன்ன வூட்டுக்குக் கொண்டாந்துடுவேன். ரோட்ல வுட மாட்டேன்."

"ஒன் வாய் வார்த்தையெல்லாம் எனக்கு வேணாம். போன வாரம் சட்டிய திருப்பித் தரேன்னு சொன்ன, தந்தியா? கற்பூரம் அடி."

எங்கள் பக்கம் கொளுத்தின கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வோம். அதற்கு மேல் சத்தியம் கிடையாது. நான் கற்பூரத்தை எடுக்க ஓடினேன். அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ பாட்டி, ஆக்சிஜன் ஓடுது, நெருப்பு ஆகாது" என்றாள். அக்கா, "அப்போ நான் வர்ல" என்றாள். அந்தப் பெண் டிரைவரைப் பார்த்தாள், டிரைவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் அவளே குழாயை மூடி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்துவிட்டு வந்து, "சீக்கிரம் அடிங்க" என்றாள்.

அடித்தேன். உள்ளங்கை சுட்டது. அக்கா எழுந்து நின்று, "வாங்க போலாம், இன்னும் இன்னா வேடிக்க" என்று எல்லாரையும் அதட்டினாள்.

அப்படித்தான் அந்த வண்டியில் ஏறினோம். அந்தச் சந்தோஷத்தைத்தான் முதலில் சொன்னேன். திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலை தெரிந்தபோது படுத்தபடியே அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பெண் வழி முழுக்க அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். மறுநாளே அக்கா எழுந்து உட்கார்ந்து பன்னும் பாலும் கேட்டாள். அக்கா மகள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். அம்மா பேசுவதைப் பார்த்துத் தெம்பாகி, கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருப்பதால் திரும்பினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, இன்னா முடிவு எடுக்கணும்னாலும் நீயே எடு, என்ன கேக்க வேணாம்" என்றாள். மூன்று நாள் நன்றாகத்தான் போனது. அக்கா வார்டில் எல்லார் கதையையும் கேட்டு வைத்துக்கொண்டாள். எந்த நர்சுக்கு எப்போது கல்யாணம் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு இரைத்தது. நர்சுகள் வந்து கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய், கதவுப் பக்கம், நர்சு மேசைக்கு ஒட்டினாற்போலப் போட்டார்கள். முகத்துக்கு மூடி வைத்து ஊசி போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் தன் மாமியாருக்குத் துணையாக இருந்த அச்சரப்பாக்கத்து அம்மாள் என் காதருகே வந்தாள்.

"அந்த எடத்துக்கா மாத்திட்டாங்க?"

"ஏன்?"

"ஒண்ணும் இல்ல. நாங்க வந்து பத்து நாள் ஆவுது. அங்க போட்டவங்க ஆரும் நடந்து போயி நான் பாக்கல."

நான் நர்சிடம் கேட்டேன். "கிட்ட வெச்சுப் பாத்துக்கத்தான் பாட்டி இங்க போட்டிருக்கோம்" என்றார். டாக்டர் வந்தார். சின்ன வயதுதான், பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, இறங்குவதற்கு ஊசி போட்டிருக்கிறோம், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். இன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. உயிர் இருக்கும்போதே என்று சொல்லி அடித்த கற்பூரம் மட்டும்தான் மண்டைக்குள் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் மூச்சு நின்றுவிடும். நின்றுவிட்டால் ரோடுதான்.

"நாங்க கூட்டினு போறோம் சார்."

"எங்க?"

"வூட்டுக்கு."

"பாட்டி, இப்போ எடுத்தா வழியிலயே ஏதாவது ஆகலாம். நான் அனுப்ப மாட்டேன்."

"எங்க அக்கா, நான் கூட்டினு போறேன். உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவர் என்னைத் திட்டினார். கெஞ்சக்கூடச் செய்தார். வெளியூரில் இருக்கிற மகளிடம் பேசவேண்டும் என்றார். பேசினார். அவள், "சித்தி சொல்றதுதான்" என்றாள். கடைசியில் ஒரு காகிதம் வந்தது. நர்சு படித்துக் காட்டினார். வீட்டில் படித்துக் காட்டினதுபோலவேதான் இருந்தது, ஆபத்து என்று சொல்லியும் நாங்களே வேண்டாம் என்று போகிறோம் என்று. அன்றைக்கு அக்கா கைக்குப் போகுமுன் பிடுங்கி மடியில் செருகினவள், இங்கே நானே பெருவிரலை மையில் அழுத்தினேன்.

அக்காவின் சம்மதம் வேண்டாமா என்று நர்சு கேட்டார். நான் போய் அவள் நெற்றியைத் தடவினேன். ஊசி மயக்கத்தில் இருந்தாள். மூச்சு முன்பைவிடக் கொஞ்சம் அடங்கியிருந்தது. அதையும் நிற்கப்போகிற மூச்சு என்று நான் தப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, வூட்டுக்குப் போலாமா?"

கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள். நான் செத்தாலும் மறக்காத பார்வை அது. முகத்து மூடியைக் கையால் நகர்த்திக்கொண்டு கேட்டாள்:

"இன்னாடி, அவ்ளோதானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உயிர் போகப்போகிறது என்றால்தான் வீட்டுக்கு என்பது எங்களுக்குள் இருந்த பேச்சு. நான் வீட்டுக்கு என்று சொன்னால் அவளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். "இல்லக்கா, செரியாயிட்சி, அதான் அனுப்பிட்டாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. நான் பொய் சொன்னால் கண்டுபிடிப்பதில் அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம். தலையை மட்டும் ஆட்டினாள். "சீப்பு குடு" என்றாள். சீவிவிட்டேன்.

என் பெரியவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் கொண்டுவந்த காரில் அக்காவை என் மடியில் சாய்த்துக்கொண்டு வந்தேன். மலை வந்தது. "அக்கா, மல" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. ஊர் எல்லையில் வண்டி திரும்பியபோது மட்டும் என் கையை இறுக்கினாள். அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் விட்டாள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு தன் காலால் நடந்துதான் வாசற்படி ஏறினாள். அதைத் தெருவே பார்த்தது. வழக்கமாகப் படுக்கிற இடத்தில் பாயை விரித்தேன். சாயந்தரம் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். "சட்டிய எடுத்துனு வந்து வெச்சிட்டியா?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன் என்றேன். மறுநாள் காலை பத்து மணி இருக்கும், ஊர் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள். மகள் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கூடத்தில் கிடத்தினோம். ஓடு பழுதில்லை, ஒரு சொட்டு இல்லை. தெருக்காரர்கள் என்னைத்தான் புகழ்ந்தார்கள். "குடுத்து வெச்ச மவராசி. ஓர்ப்படின்னா இவ ஓர்ப்படி. கற்பூரம் அடிச்சதுக்கு நின்னுட்டா." மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பனுக்குக் கெடைக்காதது எங்கம்மாவுக்குக் கெடச்சிச்சி சித்தி, ஒன்னாலதான்" என்று அழுதாள். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று மாதம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

ஆடி மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று அதே வண்டி வந்தது, அதே பெண். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "பாட்டி! அந்தப் பாட்டி எப்படி இருக்காங்க? வாய் கொறஞ்சிருக்கா?" என்று சிரித்தாள்.

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன், கட்டில் மாற்றினது, மூச்சு, காகிதம், வாசற்படி ஏறினது எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போது அவள் சிரிப்பு போய்விட்டது.

"டாக்டர் என்ன சொன்னாங்க பாட்டி?"

"நொரையீரல்ல தண்ணி, எறங்கிடும், ரெண்டு நாள் இருக்கட்டும்னாரு. அவங்க அப்டித்தான் சொல்வாங்க."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாம்மா? எறங்கியிருக்குமா? சொல்லு. இருந்திருப்பாளா?"

"எனக்குத் தெரியாது பாட்டி. யாராலயும் சொல்ல முடியாது."

"உனக்குத் தெரிஞ்சத சொல்லு."

"நெறைய பேருக்கு எறங்கிடும் பாட்டி. மேசைகிட்ட போட்டாங்கன்னா கவனமா பாக்கறாங்கன்னு அர்த்தம்." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "நான்தான் சிலிண்டர நகத்தி வெச்சேன். எப்படியாவது வண்டில ஏத்திடணும்னுதான் பாத்தேன். ஏத்துறதுக்கு என்ன சொல்லி ஏத்துறோம்னு யோசிக்கல."

"நீ இன்னாம்மா பண்ணுவ" என்றேன். உள்ளே பிரசவ வலிக்காரி கத்தினாள், அவள் ஓடினாள். நான் அந்தத் தெருவிலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மாங்காய் விற்கப் போகவில்லை. அறுக்கத்தான் எனக்குத் தெரியும், கூவ வராது.

மகள் வருஷா வருஷம் அக்கா திவசத்துக்கு வருகிறாள். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு புடவை கொண்டுவருவாள், அவள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினதற்கு. இரண்டு நாள் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் நான் சொன்னதில்லை. அவளிடம் மட்டும் என்ன, இதை எழுதுகிற மருமகளுக்கே இப்போதுதான் தெரிகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன்.

இந்த வருஷம் அரக்குக் கலர், மெல்லிசு ஜரிகை. எனக்குப் புதுப்புடவை என்றால் இப்போதும் ஆசைதான். கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அவள் என் காலில் விழுந்து, "எங்கம்மா மாரி சாவு ஆருக்கு சித்தி கெடைக்கும்?" என்றாள். வாய்வரைக்கும் வந்தது. அவள் முகம் அப்படியே அக்கா முகம். "நல்லா இரும்மா" என்று சொல்லித் தூக்கிவிட்டு, இலை போட்டுச் சோறு வைத்தேன்.